60 டிகிரியில் இருக்கும் மகளுக்கு

கண்ணம்மா,

மதியம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, இதெல்லாம் ஒரு ஊரா என்று போனில் புலம்பினாய். ஊரைத் திட்டாதே, அட்சரேகையைப் பார். நீ இருப்பது வடக்கே 60 டிகிரி, ஹெல்சிங்கி, ஆஸ்லோ எல்லாமே அந்தக் கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தெற்கே மகரரேகைக்கு, அதாவது 23.5 டிகிரிக்கு, நேர் மேலே நிற்கும். 90-இல் 60-ஐயும் 23.5-ஐயும் கழித்தால் மிச்சம் 6.5. உச்சிப்பொழுதிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேல் அவ்வளவுதான் ஏறும், அப்புறம் சீக்கிரம் இருட்டாமல் என்ன செய்யும்? ஜூன் வரட்டும், 90-இல் 60 போக மிச்சமுள்ள 30-உடன் அந்த 23.5-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்: 53.5. பகல் பத்தொன்பது மணி நேரத்தை நெருங்கும், அப்போது தூக்கம் வரவில்லை என்று புலம்புவாய்.

சூரியன் தூரத்தில் போய்விடுவதால்தான் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது! விஷயம் சாய்வில் இருக்கிறது. டார்ச்சைத் தரையில் நேராக அடித்தால் சின்ன வட்டம், சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்கிவிடும். மார்ச் 21 வாக்கில் பூமத்திய ரேகையில் நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில், உன் இடத்தில் இரண்டு சதுர மீட்டருக்குப் பரவுகிறது.

தீர்க்கரேகை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றுவதில்லை. கிரீன்விச்தான் பூஜ்யம் என்று 1884-இல் வாஷிங்டனில் கூடி முடிவெடுத்தார்கள், வேறு ஊரைக்கூட வைத்திருக்கலாம். பூமத்திய ரேகையை அப்படி யாராலும் நகர்த்த முடியாது, அது பூமி சுழலும் விதத்திலேயே இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பார், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 60 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த உயரம் ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 111 கிலோமீட்டர் தெற்கே வந்துவிட்டாய் என்று அர்த்தம், பழைய மாலுமிகள் இதை வைத்துத்தான் கடலில் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்தார்கள்.

மழையும் வறட்சியும்கூட இந்தக் கணக்கில்தான் வருகின்றன. பூமத்திய ரேகையில் சூடாகி எழும் காற்று அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, 30 டிகிரி பக்கம் வறண்டு இறங்குகிறது, சஹாரா அங்கே இருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் அட்சரேகை தலையில் கட்டிவிடவும் முடியாது. லண்டனும் கனடாவின் லாப்ரடாரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், ஆனால் லண்டன் பக்கம் வெதுவெதுப்பான கடலைத் தாண்டி வரும் காற்று வீசுகிறது, லாப்ரடார் கரையை ஒட்டியோ குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ பூமத்திய ரேகையை ஒட்டியே இருந்தும் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளுகுளுவென்று இருக்கிறது.

சரி, குளிர்காலத்தில் அங்கே விழும் சாய்வெயிலில் உடம்புக்கு வைட்டமின் டி கிடைக்காது. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாதே.

அப்பா