அடுத்த அணைக்குக் கோடு போடுகிறவர்களுக்கு: எங்கள் காம்பராக்களையும் எண்ணுங்கள்

இலங்கையின் மலைநாட்டில் அடுத்த அணைக்கும் அடுத்த சுரங்கத்துக்கும் வரைபடம் விரித்து வைத்திருக்கும் பொறியியலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். குடியிருப்பது இன்னும் லயத்தில்தான், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா (அறை) என்ற தோட்டத்து வரிசை வீட்டில். அணையே வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என நினைத்துக் கடிதத்தை மடித்துவிடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, என் மகள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கணக்குப் போட்டாள். அதைப் பார்த்தவள் கரண்ட் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபநிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார்கள். குரங்கை எல்லோரும் கேலி செய்தோம். பகலில் கூடிப்போகிற சூரிய மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழியில்லாத கதை அதன் பின்னால் இருந்தது. மஹா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு நீரேற்று மின்நிலையம் வேண்டும் என்று நீங்கள் சொல்வதன் காரணம் எனக்குப் புரிகிறது. மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிச் சுழலியைச் சுற்றுவது. நல்ல யோசனைதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் பாதிக்கப்பட்டோர் பட்டியல் காணி உறுதியிலிருந்து (நில உரிமைப் பத்திரத்திலிருந்து) தொடங்குகிறது. எங்களிடம் காணி உறுதி இல்லை. ஆகவே அடுப்பு எரிகிற வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

இந்த மலையின் தண்ணீரில் வெளிச்சம் இருக்கிறது என்று 1918லேயே எழுதிக் காட்டியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. லக்ஷபான மின்நிலையம் ஓட 1950 ஆனது. 1965ல் காசல்ரீ நீர்த்தேக்கம், 1969ல் மவுசாகலை நீர்த்தேக்கம். இந்த வரிசையை நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், பரீட்சையிலும் கேட்பேன். ஆனால் மவுசாகலை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மெகாவாட் அல்ல, அப்பாயியின் அம்மிக்கல்.

அப்பாயிக்கு அப்போது இருபது வயதிருக்கும். மஸ்கெலியாவில், இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு லயத்தில், கடைசிக் காம்பரா அவர்களுடையது. ஒருநாள் இரண்டு பேர் வந்து மண்ணில் முளை அடித்தார்கள். கூட வந்த இன்னொருவர் லயத்துச் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தார். என்ன கோடு என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதில் முதுகை ஒட்டி நின்று யார் உயரம் என்று பார்த்து விளையாடினார்களாம். பல மாதம் கழித்துத்தான் கங்காணி வந்து, மேல்பிரிவில் காம்பரா ஒதுக்கியிருக்கிறது, சாமானைத் தூக்குங்கள் என்றார். அம்மிக்கல்லைத் தூக்க ஆள் இல்லை. குழவியை மட்டும் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழவி இன்று எங்கள் வீட்டுக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கிற கல்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்றுதான் சொல்வோம். முழுநாள் உழைத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். சாமான் தூக்கிய அன்றைக்கு அப்பாயிக்கு அரைப்பேர் போட்டார்கள். வீடு போனதற்கு அவருக்குக் கிடைத்த கணக்கு அவ்வளவுதான். அதையும் கூட்டிக் கொடுக்கவில்லை, கழித்துக் கொடுத்தார்கள்.

யார் மீது குற்றம் சொல்வது? காணி தோட்டத்தினுடையது, நட்டஈட்டுப் பேச்சும் தோட்டத்தோடுதான். 1948ல் குடியுரிமையும் அடுத்த வருடம் வாக்கும் போன இந்திய வம்சாவளித் தோட்டச் சனம் நாங்கள். 1964ல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எங்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் எழுதினார்கள். இந்தியாவுக்கா இங்கேயா என்றே தெரியாமல் நிற்கிறவளிடம் உன் வீட்டுக்கு என்ன விலை என்று அந்தக் காலத்தில் யார் கேட்பார்கள்?

வறட்சி கடுமையான வருடங்களில் மவுசாகலைத் தண்ணீர் இறங்கும். பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். பார்க்கக் கூட்டம் கூடும், கடலை வண்டி வரும், படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவார்கள். அப்படி ஒரு வருடம் அப்பாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனோம். எல்லோரும் கோயில் பக்கம் போக, அவர் மட்டும் வெடித்த சேற்றில் வேறு திசையில் நடந்தார். ஒரு கருங்கல் படி தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் உட்கார்ந்து, "இதுதான் நம்ம காம்பரா வாசல்" என்றார். எனக்கு அது வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அம்மி இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று கைத்தடியால் சேற்றைக் குத்திப் பார்த்தார். கிடைக்கவில்லை.

சரி, அது பழைய காலம் என்பீர்கள். அப்புறம் வந்தது, மகாவலி ஆற்றில் அடுத்தடுத்து அணை கட்டிய துரித மகாவலித் திட்டம். 30 வருட வேலையை 6 வருடத்தில் முடிப்போம் என்று 1977க்குப் பிறகு தொடங்கினார்கள். கொத்மலையில் 87 மீட்டர் உயர அணை, 201 மெகாவாட். விக்டோரியாவில் 122 மீட்டர், 210 மெகாவாட். தெல்தெனிய நகரமே மூழ்கியது. கொத்மலையில் மூழ்கியவை பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள். வயலும் விகாரையும் விட்டுப்போன அந்த மக்களின் துயரம் எங்கள் துயரத்தைவிடச் சிறியதல்ல. ஆனாலும் அவர்களில் பலருக்கு மாற்றுக் காணி என்று ஒன்று இருந்தது. காணி இருந்தவருக்குக் காணி கிடைத்தது. காம்பராவில் இருந்தவருக்கு வேறொரு காம்பரா.

காணி என்ற சொல் எங்கள் பக்கத்தில் லேசான சொல் அல்ல. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனத்தை நிறுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இனி எங்கள் வாசலில் இருக்கிற அணைக்கு வருகிறேன். மேல் கொத்மலை, 2012ல் ஓடத் தொடங்கியது, 150 மெகாவாட். அணை பெரியதல்ல, 35.5 மீட்டர்தான். வேலையெல்லாம் மண்ணுக்கு அடியில். ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகத் தண்ணீர் போய், நியங்கம்தொரையில் நிலத்தடி மின்நிலையத்தில் விழுகிறது. அதே தண்ணீர் கொத்மலையில் மறுபடி ஒரு சுழலியைச் சுற்றுகிறது, பிறகு இன்னும் கீழே மகாவலியோடு போகிறது. ஒரே கொழுந்தை இரண்டு மூன்று தரம் நிறுத்துக் கணக்கெழுதுவது மாதிரி. பொறியியல் என்று பார்த்தால் கைதட்டவேண்டியதுதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தத் திட்டத்தில் இடம் மாற்றப்பட்டவர்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். லயத்தைவிட நல்ல வீடுகள். ஏன் அப்பாயிக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது? மனம் மாறியதால் மட்டுமல்ல. விருப்பமில்லாமல் இடம் மாற்றப்படுகிறவர்களுக்கான தேசியக் கொள்கையை 2001ல் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. உறுதி இல்லாதவரையும் நியாயமாக நடத்தவேண்டும் என்பது அதில் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருந்ததால் கேட்க முடிந்தது. அந்தக் கொள்கையை அலுமாரியிலிருந்து எடுத்து அடுத்த வரைபடத்துக்கு மேலே வையுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன்.

இந்த அணை தண்ணீரைத் திருப்பினால் வற்றிவிடும் என்று சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்காக அந்நாளில் பெரிய சண்டை நடந்தது. முடிவில் பகல் வேளையில் நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் விடுவது என்று தீர்மானமானது. எங்கள் லயத்தில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நீர்வீழ்ச்சிக்கும் பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் போடுவது) வைத்துவிட்டான், பகலில் மட்டும் என்றால் அதுக்கும் அரைப்பேர்தான் என்றார் பக்கத்துக் காம்பரா அண்ணன்.

சிரிப்புக்கு அப்பாற்பட்டது வான்கதவு விஷயம். கொத்மலை நீர்த்தேக்கம் 17 கோடிக்கும் மேற்பட்ட கன மீட்டர் கொள்ளும். மேல் கொத்மலையில் தேக்கிப் பயன்படுத்தக்கூடியது சுமார் 8 இலட்சம் கன மீட்டர். குளம் என்று சொல்வதைவிடத் தொட்டி என்று சொல்லலாம். அக்கரப்பத்தனையிலும் லிந்துலையிலும் நானுஓயாவிலும் ஒரு இரவு மழை கொட்டினால் விடியும்போது நிரம்பிவிடும், கதவைத் திறந்தே ஆகவேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி ஓர் இரவில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்கு ஓர் அறிவித்தல் வந்தது, சிங்களத்தில் மட்டும். அவர் அதை என் மகளிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். அவர் மகன் அந்த நேரம் ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. மறு வாரம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போய், தமிழிலும் அனுப்புங்கள், ஆற்றோர லயங்களுக்கு நேரடியாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "மிஸ், நாங்கள் தோட்டத்துக்கு அறிவித்துவிடுகிறோம். ஆட்களின் பட்டியல் எங்களிடம் இல்லையே" என்றார்கள்.

மீண்டும் அதே பட்டியல். 1969ல் தோட்ட நிர்வாகியான துரையோடு பேசினார்கள். இப்போதும் தோட்டத்துக்குத்தான் சொல்கிறார்கள். இடையில் தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுக்குப் போய், 1992ல் கம்பெனிகளின் கைக்கு வந்துவிட்டன. காணி அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. உள்ளே எரிகிற அடுப்பு மட்டும் எங்களுடையது. அரசும் கம்பெனியும் ஒரு மேசையில் உட்கார்ந்து காணியை விடுவித்துக்கொண்டால் சட்டப்படி எல்லாம் முடிந்துவிடும். அந்த மேசைக்கு எங்களைக் கூப்பிடக் காரணமே இருக்காது. அதோடு இன்று லயத்தில் இருப்பவர்களில் பாதிப்பேரின் பெயர் தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில்கூட இல்லை. ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், ஒருத்தி தையல் ஆலைக்குப் போகிறாள், நான் படிப்பிக்கிறேன். தோட்டத்திடம் பட்டியல் கேட்டால் எங்களில் பலர் அதிலும் வரமாட்டோம்.

தண்ணீர் மூழ்கடிப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது என்பதை ஊவா மாகாணத்தில் பார்த்தோம். உமா ஓயாச் சுரங்கம் தோண்டும்போது பாறைக்குள் இருந்த நீர் சுரங்கத்துக்குள் கொட்டியது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. 2024 ஏப்ரலில் 120 மெகாவாட்டோடு திட்டம் திறக்கப்பட்டது. வற்றியது கிணறு என்றால் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், முறைப்பாடு எழுதுவார். எங்களுக்குக் கிணறு கிடையாது, பீலிதான். மலையிலிருந்து கசிகிற ஊற்றுக்கு மூங்கிலோ தகரமோ வைத்து, முப்பது குடும்பம் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்துகிற தண்ணீர். எந்த வரைபடத்திலும் பீலி இல்லை. அது வற்றினால் யார் பெயரில் முறைப்பாடு எழுதுவது? சுரங்கத்துக்குக் கோடு போடுவதற்கு முன்னால் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற பீலிகளை நடந்துபோய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் எவ்வளவு, கோடையில் எவ்வளவு என்று ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து எழுதுங்கள். அளவு எழுத்தில் இருந்தால்தான் பிறகு குறைந்தது என்று காட்ட முடியும்.

சுற்றாடல் அறிக்கையை மக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கிறீர்கள். நல்லது. கொழுந்தெடுக்கிற ஒருத்தி பிரதேச செயலகத்துக்குப் போய் அதைப் பார்க்க ஒரு பேரை இழக்கவேண்டும், பஸ் காசும் வேண்டும். போனால் அங்கே இருப்பது அவளுக்குப் புரிகிற மொழியிலா? முழு அறிக்கையும் தமிழில் வேண்டும், நாலு பக்கச் சுருக்கம் போதாது. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஹோட்டல் மண்டபம் வேண்டாம், கோயில் முற்றமோ பெரட்டுக்களமோ போதும். துரையை முன்வரிசையில் உட்காரவைக்காதீர்கள். அவர் இருந்தால் எங்கள் ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள், அதை நீங்கள் சம்மதம் என்று குறித்துக்கொள்வீர்கள்.

இடம் மாற்றவேண்டி வந்தால், உறுதி முதலில், தண்ணீர் பிறகு. 7 பேர்ச் (நில அளவு) என்றாலும் கையில் பத்திரம் இருக்கவேண்டும், வீட்டுக்காரியின் பெயரும் அதில் இருக்கவேண்டும். சாவி கொடுக்கிற படம் பத்திரிகையில் வந்தபின், பத்திரம் பிறகு வரும் என்று சொல்லப்பட்டவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் லயத்தின் பட்டியலை நானே ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். 24 காம்பரா. குடும்பத் தலைவர், மொத்த ஆட்கள், வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள், சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர், போன் நம்பர், எந்தப் பீலியில் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது, செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனையும். ஆறாம் காம்பராவில் ஒரு குழந்தை பிறந்ததால் போன மாதம் ஒரு வரி சேர்த்தேன். உங்கள் ஆட்கள் முளையும் சாயமும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வரும் நாளில் முதலில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தேத்தண்ணி போட்டுத் தருகிறேன், கொப்பியையும் தருகிறேன். பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை