சிங்கப்பூரில் ஒரு நாடகக் கழகத்தின் ஆண்டறிக்கை: பொதுக்கூட்டத்தில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை அஞ்சலில் போகும்.

பொங்கல் விழா சமூக மன்றத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி மாணவர் பேச்சுப் போட்டி நடந்தது. தீபாவளி விருந்துக்கு எல்லோரும் வந்திருந்தீர்கள்.

இனி ‘அரிச்சந்திரன்’. மயான காண்டத்தை மட்டும் ஒரு மணி நேர நாடகமாகப் போடலாம் என்று நான் சொன்னதும், செயலவையில் ஒருவர், "நாடகம் பார்த்து எவன் திருந்தினான்? நகைச்சுவைப் பட்டிமன்றம் வைத்தால் அரங்காவது நிறையும்" என்றார். சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்துவிட்டு அதைத் தமக்குள்ளேயே பலமுறை நடித்துப் பார்த்ததாகக் காந்தி சுயசரிதையில் எழுதியிருப்பதைச் சொன்னேன். "காந்தி சரி, அதே கொட்டகையில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள்?" என்றார். பதில் பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் தோன்றியது. மேடை யாரையும் அசைக்காது என்றால் ஆங்கிலேய அரசு 1876-இல் இந்தியாவில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்திருக்குமா?

ஒத்திகை 14 நாள். அரிச்சந்திரனை விலைக்கு வாங்கும் சுடுகாட்டுத் தலைவன் வீரபாகுவாக நடித்தவர் வந்தது நான்கு நாள். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்கள் வேடம் கட்டினார்கள். நம் வீரபாகுவுக்கு ஜூரோங்கிலிருந்து வரத்தான் நேரமில்லை.

நாடகத்தன்று, சுடலை காக்கும் அரிச்சந்திரன் தன் மனைவி என்று அறியாமல் சந்திரமதியிடம் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு நிற்கிறான். அவள் வெறுங்கையை விரிக்கிறாள். முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த பாட்டி ஒருவர் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த இரண்டு வெள்ளி (டாலர்) நோட்டுத் தாளை எடுத்து, "அந்தப் பெண்ணிடம் கொடு" என்று பணிப்பெண்ணிடம் நீட்டினார். பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பாட்டி நம் உறுப்பினர் அல்லர். கேள்வி கேட்ட நண்பர் அன்று வரவில்லை.

கணக்கைப் பொருளாளர் விளக்குவார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். ஒலிபெருக்கி வாடகையில் விழுந்த துண்டை ஒருவர் தம் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்வது முறையன்று, இந்த அறிக்கையை அவரே வாசித்துக்கொண்டிருப்பதால்.

ஆண்டுச் சந்தா 24 வெள்ளி. 43 உறுப்பினர்களில் 19 பேர் இன்னும் கட்டவில்லை. அரிச்சந்திரன் கட்டிய மனைவியிடமே கேட்டான். நான் என் மைத்துனரிடம் கேட்க இரண்டு ஆண்டாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

சமூக மன்றத்தினர்க்கும், ஒப்பனைக் கலைஞர்க்கும், உணவளித்த அன்பர்க்கும் நன்றி.

அடுத்த ஆண்டு முழு நாடகமாகவே போட எண்ணம். இளையவர் யாரேனும் செயலாளர் பொறுப்பை ஏற்றால் மகிழ்வேன். வேட்புமனுப் படிவங்கள் மூன்று வாரமாக என்னிடமே இருக்கின்றன. பொருளாளர் தேநீர் மேசையருகே ரசீதுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பார். பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாகவும் செலுத்தலாம்.