சேலம் நேரு கலையரங்கில் மாதந்தோறும் தெருக்கூத்து நடத்த இடம் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குகை பகுதிப் பொதுமக்கள், சேலம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள், சேலம் மாநகராட்சி.

பொருள்: மாதம் ஒரு சனிக்கிழமை இரவு தெருக்கூத்து, பொம்மலாட்டம் ஆகியவற்றை முழுமையாக நடத்த நேரு கலையரங்கை வாடகையின்றி வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

ஆடித் திருவிழாவில் குகை மாரியம்மன், காளியம்மன் கோயிலுக்காக நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று எங்கள் தெருவாசிகளே தெய்வ வேடமிட்டு, ஜோடித்த வண்டிகளில் வருவார்கள். அதைக் காணச் சாலையின் இருபுறமும் கூட்டம் நள்ளிரவு வரை கலையாது. சேலத்துக்காரர்கள் கலையை விரும்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சி ஆண்டுக்கு ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது.

ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ்தான் 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' படத்தையும், 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையும் தந்தது. இன்று அதன் நுழைவு வளைவு மட்டுமே நிற்கிறது. அதைக் கடக்கும் பிள்ளைகளிடம் பழம்பெருமையைச் சொல்கிறோம். ஆனால் 'இப்போது நம் ஊரில் என்ன பார்க்கலாம்?' என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் இல்லாமலும் இல்லை. மேச்சேரி, ஓமலூர் வட்டாரங்களில் இன்றும் கூத்துக் குழுக்கள் பாரதக் கதைகளை ஆடுகின்றன. கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வந்து சபையைச் சிரிக்க வைத்து, திரைக்குப் பின்னிருந்து வேடம் மெல்ல வெளிப்பட்டு, விடியும் வேளையில் கர்ணன் வீழும்போது பார்ப்பவர்கள் கண்கலங்குவது கூத்தின் இயல்பு; அதற்கு ஓர் இரவு தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட கலைஞர்களை விழா மேடைகளில் விருந்தினரை வரவேற்கப் பத்து நிமிடம் ஆடச் சொல்லி அனுப்பிவிடுவது எங்களுக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் கிரீடமும் தோளணியான புஜகீர்த்தியும் தெரியும், கதை தெரியாது.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை செய்கின்றன. மூடிய அரங்குக்குள் பயன்படுத்த விலக்கு உண்டு. ஆகவேதான் பூங்காவையோ மைதானத்தையோ கேட்காமல் கலையரங்கத்தைக் கேட்கிறோம். கோயில் திருவிழாக்கள் ஓய்ந்து குழுக்களுக்கு வாய்ப்புக் குறையும் மழைக்காலத்திலும் அங்கே தடையின்றி ஆடலாம்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவை இதற்கென நிலையாக ஒதுக்கி, அரங்க வாடகையையும் மின்கட்டணத்தையும் மாநகராட்சி ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். நுழைவுக் கட்டணமாகச் சிறு தொகை வசூலித்து, அதை முழுவதுமாகக் குழுவிடமே கொடுத்துவிடும் பொறுப்பையும், அரங்கைத் துப்புரவாகத் திருப்பி ஒப்படைக்கும் பொறுப்பையும் நாங்கள் ஏற்கிறோம். அரசு இசைப்பள்ளி மாணவர்கள் கூத்து தொடங்குமுன் அரை மணி நேரம் வாசிக்க அனுமதி பெற்றுத் தந்தால் மேலும் மகிழ்வோம். நெசவாலைகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் பகலெல்லாம் உழைப்பவர்கள் குடும்பத்தோடு வரவேண்டும் என்பதால், நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பழைய பேருந்து நிலையத்திலிருந்து குகை, செவ்வாய்ப்பேட்டை வழியாக ஒரு பேருந்தாவது இயங்கப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

வரும் ஆடி மாதத்திலேயே முதல் கூத்தை நடத்த ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குகை பகுதிப் பொதுமக்கள்