கறிவேப்பிலைக் கன்று தந்தவர்களுக்கு

அன்புள்ள அண்டைவீட்டாருக்கும், புளோக்கைக் கூட்டிப் பெருக்கும் ஊழியர்களுக்கும், நகர மன்றத்தாருக்கும், ஈரச்சந்தைக் கடைக்காரர்களுக்கும், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் இருந்தபடியே செடிவளர்ப்பு சொல்லித்தந்த தம்பிமார்களுக்கும் எங்கள் வணக்கம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரங்களில் இன்று நிற்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை 2020ல் வந்தவை. கொடுத்தவர்களுக்கு அப்போதே நன்றி சொன்னோம். ஆனால் முகக்கவசத்துக்குள்ளிருந்து, இரண்டு கதவு தள்ளி நின்று சொன்ன நன்றி எல்லாருடைய காதிலும் விழுந்திருக்காது. ஆகவே எழுதுகிறோம். எது பிழைத்தது, எது செத்தது, ஏன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். செடி கொடுத்தவர்களுக்கு அதைக் கேட்பதில்தான் ஆசை அதிகம்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 நோய்ப்பரவலை முறியடிக்கும் திட்டம் நடப்பில் இருந்தது. ஒரு வீட்டார் மறுவீட்டுக்குப் போக முடியாது. காப்பிக்கடை மேசைகளில் சிவப்பு வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். வெளியே போனால் முகக்கவசம் கட்டாயம் என்ற விதி வந்ததும் அன்றுதான். கோயிலுக்குப் போக வழியில்லாத அந்தக் காலையில் சில வீட்டு இரும்புக் கதவுகளில் வேப்பம்பூவும் மாவிலையும் செய்தித்தாளில் சுற்றித் தொங்கின. சாலையோர மரத்தில் அனுமதியில்லாமல் பறிப்பது இங்கே குற்றம். தரைவீட்டில் சொந்தமாக மரம் வைத்திருந்தவர்கள் கொடுத்தனுப்பியவை அவை. பச்சடிக்கு ஒரு கைப்பிடி பூ போதும். அந்தக் கைப்பிடி அன்று எத்தனை வீட்டுக்குப் புத்தாண்டைக் கொண்டுவந்தது என்று கொடுத்தவர்கள் அறிய வேண்டும்.

அடுத்து, கறிவேப்பிலைக் கன்று தந்தவர்களுக்கு. வேர்க்கன்றை எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கற்றுக்கொடுத்த முறையை இன்றும் மாற்றவில்லை. தாய்ச்செடியின் அடியில் ஒரு சாண் உயரம் வளர்ந்து, ஆறு ஈர்க்காவது விட்ட கன்றுதான் பிரிக்கத் தகுந்தது. அதைச் சுற்றி மண்ணை விரலால் நெகிழ்த்தி, தாய்வேரோடு சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, கன்றுக்கென்று சொந்தச் சல்லிவேர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். சல்லிவேர் இல்லாத கன்று பத்து நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுப் பிறகு கருகும். முதல் தொட்டி 15 செண்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வேண்டாம். பெரிய தொட்டி நிறைய ஈரம் பிடித்துவைக்கும்; அத்தனையையும் சிறு வேர் உறிஞ்சாது; அழுகும். இரண்டு வாரம் நிழல். புதுத் துளிர் வரும்வரை உரம் கிடையாது. கிளையை வெட்டி நட்டவர்களுக்கு அநேகமாக எதுவும் வேர்விடவில்லை. விதை போட்டவர்களில், கறுத்த பழத்தின் சதையைக் கழுவி அதே வாரத்தில் ஊன்றியவர்களுக்கு முளைத்தது. காய்ந்த விதை முளைக்காமல் போனது கையின் ராசி அல்ல. கறிவேப்பிலை விதையின் உயிர் சில வாரங்களில் போய்விடும்.

பறிக்கும் முறையையும் திருத்தினீர்கள். அடியிலிருந்து ஒவ்வொரு ஈர்க்காக உருவினால் செடி தென்னை மாதிரி ஒற்றைக் குச்சியாக உயரும். நுனியைக் கணுவுக்கு மேலே கிள்ளினால் அந்த இடத்திலிருந்து இரண்டு கிளை வரும். சாம்பாருக்கு வேண்டிய இலையும் கிடைக்கும், செடியும் புதராகும்.

அந்த இரண்டு மாதத்தில் செடிகளை அதிகம் கொன்றது தண்ணீர்தான். எல்லாரும் வீட்டிலேயே இருந்தோம். காலையில் ஒரு குவளை, கூட்டம் முடிந்து மடிக்கணினியை மூடியதும் ஒரு குவளை, இரவு மனம் கேட்காமல் இன்னொரு குவளை. நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூலாக மெலிந்து சாய்ந்தது. வாடுகிறது என்று நினைத்து மேலும் ஊற்றினார்கள். ஈர மண்ணில் பெருகும் பூஞ்சையால் வரும் நாற்றழுகல் அது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் ஒட்டினால் ஊற்றாதே என்று தாழ்வாரத்தில் எட்ட நின்று சொல்லிக்கொண்டே போன மலாய் மக்சிக்கு (மூத்த பெண்மணிக்கு) எங்கள் நன்றி. சமையலுக்கு மணம் தரும் பாண்டான் கன்றும் அவர் கொடுத்ததே.

2020 ஜூன் முதல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பியது. இலைக்காய்கறி ஒரு வகை, காய்ப்பவை ஒரு வகை. கீரையும் கங்கோங் என்னும் வள்ளைக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வந்தன. தக்காளியும் வெள்ளரியும் நிறைய வீடுகளில் மனத்தை உடைத்தன. வெள்ளரியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. பெண் பூவின் கீழே விரல்நுனி அளவுப் பிஞ்சு இருக்கும். உயர்ந்த மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு என்பதால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. காலை பத்து மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவினால் காய்க்கும். தக்காளியின் சிக்கல் வேறு. இரவிலும் வெக்கை தணியாவிட்டால் பெரிய தக்காளி வகைகள் பூவை உதிர்க்கும். சிங்கப்பூர் இரவு அதற்குத் தோதுப்படாது. செர்ரித் தக்காளி பரவாயில்லை. வெண்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

வெயிலைப் பற்றிச் சொல்லித்தந்தவருக்குத் தனி நன்றி. மே மாதத்தில் செழித்த செடி அக்டோபரில் ஏன் நோஞ்சானாக நீண்டு சாய்கிறது என்று பலர் உரத்தையும் மண்ணையும் மாற்றிப் பார்த்தார்கள். காரணம் வானத்தில் இருந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும்; பிறகு தெற்கே போய்விடும். வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு அந்த முறியடிப்புக் காலத்தில் கிடைத்த வெயில் ஆண்டுக் கடைசியில் கிடைக்காது. காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரை நான்கு மணி நேரத்தில் சமாளிக்கும். ஆகவே வடக்குத் தாழ்வாரக்காரர்கள் செப்டம்பரில் வெண்டையை முடித்துக்கொண்டு பாண்டான், வல்லாரை, புதினாவுக்கு மாறுவது நல்லது. அல்லது எதிர்ப்பக்கத்து வீட்டோடு தொட்டியை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் புளோக்கில் அப்படி மாற்றிக்கொண்ட வீடுகள் உண்டு.

மண்ணுக்கும் தொட்டிக்கும் வருவோம். வெளியே அலைந்து வாங்க முடியாத வாரங்களில் ஈரச்சந்தை மீன்கடைக்காரர்கள் வெள்ளை நுரைப்பெட்டிகளை எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். உப்புப் போக மூன்று முறை கழுவ வேண்டும். துளையை அடியில் போடாமல் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் போட வேண்டும். கீழே கொஞ்சம் ஈரம் தங்கும், அதிகமானது வழியும். காய்கறிக்கடைக்காரர்கள் கங்கோங் கட்டுகளை வேர்ப்பக்கத் தண்டு முறியாமல் பொறுக்கிக் கொடுத்தார்கள். கணுவோடு ஒரு சாண் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர் வரும்.

காப்பிக்கடைகள் கொடுத்த காப்பிச் சக்கையில் ஒரு பாடம் இருந்தது. நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அந்தச் சக்கையை அப்படியே மண்மேல் கொட்டினால் வெண்பூஞ்சை படரும், எறும்பு அணிவகுக்கும். காய்ந்த இலையோடு கலந்து ஒரு மாதம் மட்கவைத்த பிறகு, மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்ப்பதே பாதுகாப்பு.

இனி விடுதித் தம்பிகளுக்கு. 2020 ஏப்ரலில் உங்கள் கதவுகள் எங்களுடையவற்றைவிட இறுக்கமாக மூடின. நாங்கள் ஜூனில் கீழே இறங்கி நடந்தோம். உங்களில் சிறு எண்ணிக்கையினர் லிட்டில் இந்தியாவுக்கு வந்துபோக முன்னோட்டமாக அனுமதி கிடைத்ததே 2021 செப்டம்பரில்தான். அந்த அறைகளிலிருந்து, புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் வயல் பார்த்த கைகள், எங்கள் தொட்டிப் படங்களைப் பார்த்துக் குரல்பதிவு அனுப்பின. வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவை. பூத்த ஐந்தாம் நாள் காயைப் பறித்துவிடு, ஏழாம் நாள் நார். அசுவினிக்குக் காலைப் பனி ஈரத்தில் சாம்பல் தூவு, இங்கே பனி இல்லையென்றால் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூவு. புளித்த மோர் ஒரு தம்ளருக்குத் தண்ணீர் பத்துத் தம்ளர், கறிவேப்பிலைக்கு மாதம் இருமுறை. கெட்டியாக ஊற்றினால் நாறும், பக்கத்து வீடு சண்டைக்கு வரும் என்றும் முன்கூட்டியே சொன்னீர்கள். உங்கள் ஊர் வயலை நீங்கள் பார்க்க முடியாத மாதங்களில் எங்கள் நுரைப்பெட்டி வயலைப் பார்த்துக்கொண்டீர்கள். அந்தக் கடன் பெரியது.

மாவுப்பூச்சிக்கு மருந்து வீட்டிலேயே இருந்தது. கைக்குப் பூசுகிற 70 விழுக்காட்டு ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் பூச்சியின்மேல் மட்டும் வைத்தால் போதும். கூழ் வகை கூடாது. இலையில் படலமாக ஒட்டி அதன் மூச்சை அடைக்கும்.

டெங்கியைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. 2020ல் இங்கு 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை இல்லை. முட்டை கொசுவாகப் பறக்க ஏழு நாள் போதும். வீடுவீடாக வந்த தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளைக் கவிழ்த்ததோடு நிற்காமல் காரணமும் சொன்னார்கள். தட்டின் விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும். இறுகிய மண்ணின் மேலே தேங்கும் நீரிலும் கொசு வளரும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். தட்டே வேண்டாம் என்றால் கீழ்வீட்டுக் கழியில் காயும் துணியில் சொட்டும். தட்டு நிறையப் பருமணலைக் கொட்டி, நீர் மணல்மட்டத்துக்கு மேலே வராமல் பார்த்துக்கொண்டதில் இரண்டும் தீர்ந்தன. அதுவரை துணியை மறுபடி அலசிய கீழ்வீட்டுக்காரர்களின் பொறுமைக்கு நன்றி.

நகர மன்ற ஊழியர்கள் அளவு நாடாவோடு வந்தபோது தொட்டிகள் போய்விடும் என்று பலர் பயந்தார்கள். தீ விபத்தில் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று அளந்து, கோடு காட்டி, அடுக்கு வைக்கும் இடத்தையும் சொல்லிப் போனார்கள். கைப்பிடிச் சுவர்மேல் எந்தத் தொட்டியும் வைக்கக்கூடாது; விழுந்தால் உயிர் போகும். சிந்திய மண்ணையும் உதிர்ந்த இலையையும் வடிகால் அடைக்காமல் வாரிய துப்புரவு அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் சொல்லும் நன்றி போதாது என்று தெரியும்.

பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு ஜூன் விடுமுறை மே 5க்கே வந்துவிட்டது. திடல் மூடியிருந்தது. அப்போது கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருந்த புழுக்களை நசுக்காதீர்கள் என்று சொன்னவர் யாராயினும் வாழ்க. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பெரிதானதும் பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் கொம்பு நீட்டி நாறும். முழங்கால் உயரச் செடி இரண்டு புழுவுக்குமேல் தாங்காது. மிச்சத்தைப் பெரிய செடிக்கு மாற்ற வேண்டும். கூடு கட்டி ஒரு வாரம் பத்து நாளில் கூட்டின் வழியே இறக்கையின் கோலம் தெரிந்தால் மறுநாள் பூச்சி வெளியே வரும். இறக்கை உலரும்வரை தொடக்கூடாது. சில கூடுகளிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிதான் வந்தது. அன்று அழுத பிள்ளைகளும் உண்டு.

சில தொட்டிகளை வளர்த்தவர்கள் இன்று இல்லை. ஈமச்சடங்கில் பத்துப் பேருக்குமேல் கூட முடியாத நாள்களில் போனவர்கள் அவர்கள். போய் நிற்க முடியாத அண்டைவீட்டார் அவர்களுடைய செடிகளை ஏற்றுக்கொண்டார்கள். அப்படி ஏற்கும்போது, தொட்டியை நகர்த்துமுன் வெயில் பார்த்த பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, புது இடத்திலும் அதே பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வையுங்கள். ஒரு மாதம் மண்ணை மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் பழுத்து உதிரும் இலைகளைக் கண்டு பயந்து உரம் போடாதீர்கள். இடமாற்றத்துக்கு செடி அப்படித்தான் உதிர்க்கும். நுனி பச்சையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். இதைச் சொல்லித்தந்து, அப்படி ஒன்பது தொட்டிகளைக் காப்பாற்றிய எட்டாவது மாடிக்காரர்களுக்கு எங்கள் வணக்கம்.

அவற்றில் ஒரு கறிவேப்பிலையின் அடியில் இப்போது நான்கு வேர்க்கன்றுகள் பிரிக்கும் பருவத்தில் நிற்கின்றன. வேண்டியவர்கள் ஒரு சிறு தொட்டியோடு வாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு வந்தால் நல்லது. வெயில் தாழ்ந்த நேரத்தில் பிரித்த கன்று வாடாது.

நன்றியுடன்,
தாழ்வாரத்தில் செடி வளர்க்கும் உங்கள் அண்டைவீட்டார்