செயலாளரின் ஆண்டறிக்கை: பாட்டிமாருக்காகப் பாட்டிமார்

தலைவி அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் சங்கத்து அக்காமார், அம்மாமார் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் ஸ்காபரோவில் கொட்டிய பனியால் கூட முடியவில்லை. புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். யோகா வகுப்பு வழமைபோல் நடந்தது. இனி, மே மாதம் நாங்கள் போய்வந்த மதிய விருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதை நடத்தியது கனடியப் பாட்டிமார் குழு ஒன்று. எயிட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் ஆபிரிக்கப் பாட்டிமாருக்கு நிதி சேர்ப்பது அவர்கள் வேலை. கனடாவின் ஸ்டீபன் லூயிஸ் அறக்கட்டளை 2006 மார்ச்சில் தொடங்கிய 'பாட்டிமாருக்காகப் பாட்டிமார்' இயக்கம் இது. அதே ஆண்டு ஆகஸ்டில், ரொறன்ரோவில் சர்வதேச எயிட்ஸ் மாநாடு கூடுவதற்கு முன், ஆபிரிக்காவிலிருந்து நூறு பாட்டிமார் வந்து இங்குள்ள பாட்டிமாரோடு அமர்ந்து பேசினார்கள். 'அவர்கள் ஓய்வெடுக்கும்வரை நாங்கள் ஓயமாட்டோம்' என்று கனடியப் பாட்டிமார் அன்று வாக்குக் கொடுத்தார்கள்.

மருந்து இல்லாமல் அல்ல, அது கைக்கு எட்டாமல்தான் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் செத்தார்கள். தென்னாபிரிக்காவில் அரச மருத்துவமனைகள் எயிட்ஸ் மருந்தைக் கொடுக்கத் தொடங்கியதே 2004இல்தான். அதற்குள் எத்தனையோ பாட்டிமார் மகளையும் மருமகனையும் புதைத்துவிட்டு, கைக்குழந்தையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

எங்களில் 17 பேர் போனோம். நுழைவுச்சீட்டு 25 டொலர். கிடெங்கே என்ற ஆபிரிக்க அச்சுத் துணியில் தைத்த பைகள் ஒரு மேசையில். பக்கத்து மேசையில் நாங்கள் செய்துகொண்டு போன 240 ரோல்ஸ். ஒரு மணிநேரத்தில் ஒன்றும் மிச்சமில்லை! முதல்நாள் இரவு வரை என் சமையலறையில் நின்று சுருட்டித் தந்த எல்லோருக்கும் நன்றி.

உகண்டாவின் கனுங்கு மாவட்டத்தில் இயங்கும் நியாகா என்ற அமைப்பைப் பற்றியும் சொன்னார்கள். அங்கே பாட்டிமார் தங்களுக்குள்ளே தலைவிகளைத் தெரிவுசெய்கிறார்கள். சிறுகடன் யாருக்கு, வீடு யாருக்கு, புகையில்லாத அடுப்படி யாருக்கு என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். அப்போது எங்கள் உறுப்பினர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். 2009க்குப் பிறகு வன்னியில் இரண்டு பேரப்பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர் அவர். "எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல பிள்ளை, என்ன வேணும் எண்டு" என்றார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில், ஊரில் எங்கள் பிள்ளைகள் இருக்க ஆபிரிக்காவுக்கு ஏன் என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். நெடுநேரம் பேசி இரண்டு தீர்மானங்கள் எடுத்தோம். ஊருக்கு அனுப்பும் நிதியில் கை வைப்பதில்லை. ரோல்ஸ் விற்ற காசு மட்டும் ஆண்டுதோறும் அந்தப் பாட்டிமாருக்குப் போகும். அப்புறம், ஊரில் யாருக்கு உதவி என்பதை இங்கிருந்து பட்டியல் போட்டு அனுப்பும் பழக்கத்தை நிறுத்துகிறோம். இதுவரை அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். இனி அங்குள்ள அம்மம்மாமார் கூடித் தீர்மானிப்பார்கள். அவர்களோடு முதல் தொலைபேசிக் கூட்டம் வரும் மாதம் நடக்கும்.

ரோல்ஸ் விற்ற 360 டொலரும் அன்றே கொடுக்கப்பட்டது. மற்றக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.