டாம்சன் பழமும் உன் மெனு கார்டும்

கெண்டல், இங்கிலாந்து, அக்டோபர் 6

மாப்ள,

உங்க தாத்தா வீட்டுல தங்க வர்றவங்களுக்குன்னு போட்ட மெனு கார்டை நீ அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. பதில் போடலைன்னு நீ கோபமா இருப்பன்னு தெரியும். செப்டம்பர் பூரா எனக்குக் குனிஞ்ச தலை நிமிரலை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு ஒல்லி சொன்னான். சந்தோஷம்.

வேலை என்னன்னா, டாம்சன், புளிப்பான ஒரு சின்ன பிளம் பழம். இங்க பக்கத்துல லித் பள்ளத்தாக்குல வேலியோரமெல்லாம் இந்த மரம்தான். நாவப்பழ நிறம், மேல சாம்பல் பூத்திருக்கும். விரல் பட்ட இடம் மட்டும் பளபளன்னு கருநீலமாத் தெரியும். பச்சையாக் கடிச்சா பல்லு கூசிடும். சர்க்கரை போட்டுக் காய்ச்சினா அடுக்களையே மணக்கும். ரெண்டு மூணு வாரம்தான் பழம். அதுக்குள்ள ஜாம், சட்னி எல்லாம் முடிச்சு, மிச்சத்தைச் சர்க்கரையோட ஜின்ல ஊறப் போடணும். டிசம்பர்ல ஜாடியைத் திறந்தா ஜின் ரத்தச் சிவப்பா இருக்கும்.

நான் சமைக்கிற இந்தப் பங்களா ஹோட்டல்ல இருபது ரூம்தான். காலையில தோட்டக்காரர் எதைக் கொண்டு வர்றாரோ அதுதான் அன்னிக்குச் சமையல். அஸ்பாரகஸ்னு ஒரு பச்சைத் தண்டுக் காய் ஏப்ரல் 23 வாக்குல வரும், ஜூன் கடைசியோட சரி. எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் அப்புறம் கிடையாது. ஃபெசன்ட் பறவையை அக்டோபர் 1-க்கு முன்னால சுடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஜனவரியில யார்க்‌ஷயர்லேர்ந்து ருபார்ப் தண்டு வரும். அதை இருட்டுக் கொட்டகையில வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்துலதான் பறிப்பாங்க. வெளிச்சம் பட்டா அந்த இளசு போயிடும்.

போன வாரம் என் சோத்துக்குன்னு கொஞ்சம் டாம்சனை நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயம் போட்டுத் தொக்காக் கிண்டினேன். செஃப் வந்து ஒரு கரண்டி எடுத்தார். பேசாம இன்னொரு கரண்டி எடுத்தார். இன்னிக்கு அது மான்கறியோட கார்டுல இருக்குடா! உன்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்ல?

இப்ப உன் கார்டுக்கு வர்றேன். எண்ணினேன், 84 அயிட்டம். கோபி மஞ்சூரியன், பேபி கார்ன், ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக். உங்க தாத்தா கட்டின வீடு, நடுவுல முற்றம், பின்னால முப்பது பனை. அங்க தங்க வர்றவனுக்கு எதுக்குடா ஸ்ட்ராபெரி? தை மாசம் பனங்கிழங்கு அவிச்சுக் கொடு. பங்குனி, சித்திரையில விடியக்காலைப் பதநீர், வெயில் ஏறினா நுங்கு. ஆவணியில பனம்பழத்தைச் சுட்டுக் கொடு, நார் பல்லுல மாட்டட்டும். பட்டையில பதநீர் குடிச்சிட்டு நாம பள்ளிக்கூடத்துக்கு லேட்டாப் போனதை மறந்துட்டியா?

பனை ஏற ஆள் இல்லைன்னு சொல்லுவ. எனக்கு அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது. இங்கயும் பறிக்க ஆளில்லாம ஒரு தோட்டத்துல டாம்சன் உதிர்ந்து, காலுக்கடியில நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். நம்ம ஹோட்டல் வாங்குற தோட்டத்துல ஒரு பழம் வீணாகலை. தினமும் பத்துக் கலயத்துக்கு நீ காசு கொடு, உங்க ஊர்லயே ஒருத்தன் ஏறுவான்.

கார்டு அச்சுக்குப் போயிடுச்சா? போகலைன்னா நிறுத்து. முற்றத்துத் தூண்ல ஒரு கரும்பலகை மாட்டு. பங்குனி பொறந்ததும் வர்றேன், முதல் நாள் பலகையை நான்தான் எழுதுவேன். ஒரு பாட்டில் டாம்சன் தொக்கு உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், ஒல்லிகிட்டச் சொல்லிடாதே.

உன்,
மாப்ள