உள்ளே பூட்டிக்கொள்ள ஓர் அறை: மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒரு வேண்டுகோள்

அன்பான ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

பின்னேரம் திண்ணையில் இருந்து தாய் மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருப்பார். படலையடியில் கணவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் சீப்புப் பிடித்த கை நின்றுவிடும். இன்றைக்குக் குடித்திருக்கிறாரா இல்லையா என்று அந்தச் சத்தத்தை வைத்தே கணக்குப் பார்ப்பார். மகளும் பார்ப்பாள். அவளுக்கு வயது ஏழு.

எங்கள் மாதர் சங்கத்துக்கு வரும் தாய்மாரில் பலர் அழுவது தாங்கள் வாங்கிய அடியை நினைத்து அல்ல, பிள்ளைக்குத் தாங்கள் போட்ட அடியை நினைத்துத்தான். "அவர் எழும்பிருவாரெண்டு பயந்து, அழுத புள்ளைக்கு நானே அடிச்சிட்டன்கா" என்றார் ஒருவர். இப்படிப்பட்டவரை ஊர் பொல்லாத தாய் என்கிறது. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இரவெல்லாம் விழித்துக் கிடப்பவருக்குப் பகலில் பிள்ளையோடு பொறுமையாக இருக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? சிலர் பிள்ளையோடு பேச்சே இல்லாமல் ஒடுங்கிப்போகிறார்கள். சிலர் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவே பயப்படுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். ஆனாலும் நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவு தாண்டி ஓடுவதும் அவர்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சரி, போய்வர பஸ் காசு? அதுவரை பிள்ளையைப் பார்க்க ஆள்?

அதனால்தான் சங்கக் கட்டடத்தோடு ஓர் அறை கட்டுகிறோம். கிழமைக்கு இரண்டு பின்னேரம் தாயும் பிள்ளையும் அங்கே பயமில்லாமல் இருக்கலாம். உளவளத்துணையாளர் ஒருவரும் வருவார். போன வருடம் மரநிழலில் கூடியபோது, முதல் நாள் வாயே திறக்காத ஒரு தாய் நாலாம் கிழமை மகனோடு மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

சுவர் எழும்பிவிட்டது. கூரைத் தகரம், சீமெந்து, ஒரு கதவு, உள்ளுக்குப் போடும் நல்ல தாழ்ப்பாள் வேண்டும். தாய்மார் முதலில் கேட்டது தாழ்ப்பாளைத்தான். பாய், நிறப்பென்சில், நீதிமன்றம் போய்வரச் சில்லறைக் காசு எதுவானாலும் தாருங்கள். மேசன்மாரும் மரவேலை செய்யும் ஓடாவிமாரும் ஒரு நாள் வேலை தந்தாலும் பெரிய உதவி.

காசு தருபவர்கள் பொருளாளரிடம் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் கணக்கைச் சங்கச் சுவரில் ஒட்டுவோம். வரும் தாய்மாரின் பெயரையோ படத்தையோ மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டோம்.

இதை வாசிக்கும் உங்களுக்கே உதவி தேவையென்றால் மகளிர் உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929.

மாரி மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டும்.

மாதர் சங்கக் கட்டடக் குழுவினர்